நிறைந்தது முதலில், வெறுமை பிறகு

“அஸ்ஸலாமு அலைக்கும்” என்று மேசையில் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்குக்குச் சொல்லிவிட்டு, றிபா ஒரு மூச்சு நேரம் காத்திருக்கிறாள். பதில் வருவதில்லை. வராது என்பது அவளுக்கும் தெரியும். அதற்குப் பிறகுதான் வயரைச் செருகுகிறாள். மையவாடியைக் கடந்து போகிறவர்கள் உள்ளே அடங்கியிருப்பவர்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போவது ஊர்ப் பழக்கம். செத்துப்போனவர்களின் டிஸ்க்குகளைத் திறக்கும்போதும் அதையே செய்யவேண்டும் என்பது அவள் கட்சி. “உள்ளுக்க ஆக்கள் இரிக்காங்க காக்கா. ஸலாம் செல்லாம எப்பிடி நுழையிற?” என்று ஒருநாள் தன் அண்ணன் ஜவாத்திடம் கேட்டாள். சிரித்துக்கொண்டு கேட்கவில்லை.

சாய்ந்தமருதில், கடற்கரை வீதியிலிருந்து மூன்றாவது ஒழுங்கையில் வீடு. முன்னறையில் ஒரு மேசை, இரண்டு திரை, சாய்வில்லாத ஒரு கதிரை. மேசைக்குக் கீழே பெரிய பிஸ்கட் தகரம். அதற்குள் பழுதான டிஸ்க்குகள் ஒவ்வொன்றும் வெள்ளைத் துணியில் சுற்றப்பட்டு, எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி படுத்திருக்கும். பக்கத்து ஒழுங்கை நாச்சியா ஒருமுறை மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு உடனே மூடினார்.

“ஏன் புள்ள எல்லாத்தையும் கபுறுல வெக்கிற மாதிரிக் கிப்லாவுக்குத் திருப்பி வெச்சிரிக்காய்?”

“பேரெழுதின பக்கம் அது சாச்சி. வாசிக்க லேசு.”

தகரத்தை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் பெயரை வாசிக்கலாம் என்று ஜவாத்துக்குத் தோன்றியது. 

றிபாவுக்கு இருபத்தொன்பது வயது. மெலிந்த கை. நகத்தை ஒட்ட வெட்டியிருப்பாள். தேநீரை மேசைக்குக் கொண்டுவர விடமாட்டாள். எவருக்காவது ஒரு படம் காணாமல் போய்விட்டால் “அழிஞ்சி போச்சா?” என்று கேட்கக் கூடாது. “அழியல்ல, பேர் இல்லாமக் கிடக்கு” என்பாள். ஒரு டிஸ்க்கை அப்படியே இன்னொன்றில் நகல் எடுக்கும்போது, கோப்புகள் மட்டும் வருவதில்லையாம். காலியிடமும் வரும். எப்போதோ அழித்தவையும், அந்தக் காலியிடத்துக்குள் முகம் மூடிக்கொண்டு கூடவே வந்துவிடும். இதை அவள் சொல்லக் கேட்டவர்கள் தங்கள் கைத்தொலைபேசியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

நகல் எடுப்பதற்கென்று கருவிகள் இருக்கின்றன. படம், பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டவேண்டும். எப்படித் தட்டுவது என்று தெரியாதவர் ‘ஹெல்ப்’ என்று கேட்டால், ஒரு பக்கம் விளக்கம் வரும். அந்த ஒரு பக்கத்தைத் திருத்துவதுதான் றிபாவின் வேலை. நிரலை வேறு நாடுகளில் இருக்கும் ஆறு பேர் எழுதுகிறார்கள். ஏழாவது ஆள் இவள். ஆங்கிலப் பக்கமும் இவள் கைதான், தமிழ்ப் பக்கமும் இவள் கைதான்.

கடற்கரையில் எஞ்சின் திருத்தும் ஜவாத்திடம் இந்தத் தொழிலைப் பற்றி விசாரிக்காதவர்கள் இல்லை. பாண்டிருப்புக் குணம் தன் தோணி எஞ்சினைக் கழற்றக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் குந்தியிருந்து கேட்டார்.

“தங்கச்சி என்னதான் செய்யிறா?”

“கம்பியூட்டர் சாமான எப்பிடிப் பாவிக்கிற எண்டு எழுதுற.”

“அத ஆர் வாசிக்கிற?”

“ஒருத்தரும் வாசிக்கிறல்ல. எல்லாம் பிழைச்ச அண்டைக்குத்தான் வாசிப்பாங்க.”

குணம் யோசித்தார். “அப்ப நம்மட லைஃப் ஜாக்கெட் மாதிரி எண்டு செல்லும். நான் அதுக்கு மேலதான் இருந்து சோறு திங்கிற.”

ஜவாத் அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது றிபா ஒரு கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டாள். நாற்பது தாள் கொப்பி. அதில்தான் எல்லாவற்றையும் குறிப்பாள். ஒரு பக்கத்தைத் திருத்தி முடித்ததும் ஜவாத்தைக் கதிரையில் இருத்திவிட்டு, அவள் பின்னால் நிற்பாள். எட்டாம் வகுப்போடு நின்றவன் அவன். அவனாகவே வாசித்து, அவனாகவே தட்டவேண்டும். கேள்வி கேட்கக் கூடாது. அவன் விரல் எந்தச் சொல்லில் தயங்குகிறதோ அந்தச் சொல் கொப்பிக்குப் போகும், அடுத்த நாள் பக்கத்தில் இருக்காது.

“ஒரு வார்த்த கேட்டா என்ன கொறஞ்சா போவாய்?” என்று அவன் ஒருமுறை சினந்தான்.

“இத வாசிக்கிற ஆளுக்குப் பக்கத்தில ஒருத்தரும் இரிக்க மாட்டாங்க காக்கா. இருந்திருந்தா அவங்களக் கேட்டிருப்பாங்களே.”

 ஆளில்லாத ஓர் அறை, ஒரு கறுப்புத் திரை, அதற்கு முன்னால் எதைத் தட்டுவதென்று தெரியாத ஒரு கை. தங்கச்சி பகலெல்லாம் அந்தக் கையோடுதான் கதைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவனுக்கு அன்றுதான் விளங்கியது. அது யாருடைய கை என்பதும் விளங்கியது.

ஏழு வருடத்துக்கு முன்னால் அவர்களைப் பெற்ற உம்மா, ஆயிஷா உம்மா, மௌத்தாகிப் போனார். படம் எடுக்க விடாதவர். ஒரே ஒரு வீடியோ இருந்தது, நாற்பது செக்கன். அடுப்படியில் நின்றுகொண்டு, “எடுக்காத மனே, எடுக்காத எண்டு செல்றன்” என்று கையால் முகத்தை மறைப்பார். நாலு மாதம் கழித்து அந்த டிஸ்க் சூடாகத் தொடங்கியது. ஒலுவில் கெம்பஸில் படித்துக்கொண்டிருந்த றிபா, புதியது ஒன்று வாங்கி நகல் எடுக்கும்படி தொலைபேசியில் சொன்னாள். லைன் அறுந்துவிட்டது. ஜவாத் ‘ஹெல்ப்’ பக்கத்தைப் பார்த்தான். இரண்டு டிஸ்க்கின் பெயரையும் அடுத்தடுத்துத் தரவும் என்று மட்டும் இருந்தது. எதை முதலில் என்று இல்லை.

தோணிக்காரர் எண்ணெய் மாற்றும்போது முதலில் வெறும் கேனை வைப்பார்கள். அது ஆடாமல் மணலில் அமர்ந்த பிறகுதான் நிறைந்த கேனைத் தூக்குவார்கள். இருபது வருடம் அப்படிச் செய்த கை அது. வெறும் டிஸ்க்கின் பெயரை முதலில் தட்டியது. கருவி கேள்வி கேட்கவில்லை. மூன்று மணித்தியாலம் பொறுமையாக வேலை செய்து, புதிய டிஸ்க்கில் இருந்த ஒன்றுமில்லாமையை உம்மாவின் டிஸ்க்கில் ஓர் இடம் விடாமல் எழுதி முடித்தது. ‘வெற்றி’ என்று திரையில் வந்தது. ஜவாத் அல்ஹம்துலில்லாஹ் சொன்னான்.

மேலே வேறொன்று எழுதப்பட்டால் அடியில் இருந்ததை மீட்க எந்தக் கருவியாலும் ஏலாது. றிபா வந்து பார்த்தாள். அவள் ஏசவில்லை. “கதவில எழுத்தில்லாட்டி ஆக்கள் மாறித்தான் நுழைவாங்க” என்றாள். அன்றிரவே கருவிக்காரர்களுக்கு முதல் கடிதத்தை எழுதினாள். எது முதலில் என்று சொல்லும் ஒரு வரிக்காக ஏழு வாரம் வாக்குவாதம். குளிர் நாட்டிலிருந்து ஒருவர், யார்தான் வெறுமையானதை முதலில் வைப்பார்கள், பெயர் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். றிபா பதில் அனுப்பினாள்: என் அண்ணன். எண்ணெய்க் கேனின் கதையையும் சேர்த்தாள். மறுநாள் அந்த வரி மாறியது.

வெறுமையாகிப்போன அந்தப் பழைய டிஸ்க்கை அவள் எறியவில்லை. அதற்கு ‘உம்மா’ என்று பெயரிட்டுத் தகரத்தின் தலைமாட்டில் வைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் எடுத்துச் செருகி, ஸலாம் சொல்லி, உள்ளே இருப்பதைத் திரையில் ஓடவிடுவாள். பூச்சியங்கள். வரிசை வரிசையாகப் பூச்சியங்கள். கால் மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருப்பாள். மற்ற டிஸ்க்குகளுக்கு ஒரு மூச்சு நேரம் காத்திருப்பவள், இதற்கு மட்டும் இன்னும் கூடுதலாகக் காத்திருப்பாள். ஒருநாள் ஜவாத் கதவடியில் நின்று எண்ணினான். பதினொரு மூச்சு.

றிபாவுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே எழும்பி நின்றுவிடுவாள். அதற்குப் பிறகுதான் “ஓம்” வரும். இருந்த இருப்பில் பதில் சொல்வது உம்மாவுக்குப் பிடிக்காது. தொலைபேசியில் யாராவது “றிபாவா?” என்றாலும் எழும்புவாள்.

போன மாசி மாதம் நாச்சியா ஒரு டிஸ்க்கை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். அவருடைய கணவர் ஆதம்பாவா பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல், அதாவது ஊரின் சாவுச் செய்தி, வாசித்தவர். ஊரில் எவர் மௌத்தானாலும் அவர் குரல்தான் முதலில் வரும். ஒலிபெருக்கி ஒருமுறை இருமினாலே சமையலை நிறுத்திவிட்டு எல்லோரும் முற்றத்துக்கு வருவார்கள். பிறகு பிறகு, கணினியில் பதிந்து வைத்து மூன்று தரம் ஒலிபரப்பத் தொடங்கினார். பதினொரு வருடம். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவரும் போனார். அவருடைய மௌத்தை வேறொருவர் வாசித்தார். நாச்சியா அது யாருக்கோ என்று நினைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்து நின்றதாக ஊரில் சொல்வார்கள்.

“ஊரு மௌத்தெல்லாம் அவர்ட குரல்ல கிடக்கு” என்றார் நாச்சியா. “என்னட்ட அவர்ட குரல் ஒரு சொட்டும் இல்ல புள்ள. ஆர்ட மௌத்து எண்டாலும் பரவால்ல. ஒண்ட எடுத்துப் போட்டுத் தாவன்.”

கடற்கரைப் பக்கத்து அறையில் இரண்டு வருடம் கிடந்த டிஸ்க். மூலைகளில் துரு பிடித்திருந்தது. நகல் எடுக்கப் புதிய டிஸ்க் கொழும்பிலிருந்து வியாழக்கிழமைதான் வரும். புதன்கிழமை காலை, சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்க றிபா அதைச் செருகினாள். சுற்றியது. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. அன்று ஒலுவிலில் அவளுக்கு மேற்படிப்பு வகுப்பும் பரீட்சையும் இருந்தன.

“இத நிப்பாட்டினா மறுகா எழும்பாது காக்கா. ஓடட்டும். தொடாதீங்க. நான் பின்னேரம் வந்து ஒரு வழி பாக்கிறன்.”

பத்து நாற்பதுக்கு டிஸ்க் தட்டத் தொடங்கியது. நகத்தால் கதவைத் தட்டுவது போல, மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மூன்று தட்டு. எஞ்சின் சத்தத்தை வைத்தே அதன் ஆயுளைச் சொல்பவன் ஜவாத். இது பின்னேரம் வரை கிடக்காது என்று அவனுக்குத் தெரிந்தது. றிபாவின் தொலைபேசி பரீட்சைக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அந்த நேரம் பார்த்து நாச்சியா வாசலில் வந்து நின்றார்.

“என்ன மனே அது? ஆரு தட்டுற?”

“ஒருத்தருமில்ல சாச்சி. உள்ளுக்க வாங்க.”

நாச்சியா உள்ளே வரவில்லை. தட்டுவதைக் கேட்டுக்கொண்டு நிலையைப் பிடித்தபடி நின்றார். “அவர் பள்ளிக்குப் போய் வந்தா இப்பிடித்தான் தட்டுவார்” என்றார் மெதுவாக. “மூணு தரம்.”

ஜவாத் தகரத்தைத் திறந்தான். இருந்ததெல்லாம் மற்றவர்களுடையவை, நிறைந்தவை, பழுதானவை. சூடானாலும் இன்னும் ஓடுவதாக, வெறுமையாக, இடமுள்ளதாக ஒன்றுதான் இருந்தது. துணியைப் பிரித்து மேசையில் வைத்தான். சொல்ல நினைக்காமலே அவன் வாயிலிருந்தும் ஸலாம் வந்தது. செருகினான். பிறகு கறுப்புத் திரையில் ‘ஹெல்ப்’ என்று தட்டினான்.

பக்கம் வந்தது. தங்கச்சியின் தமிழ். அவனே நூறு தரம் விரல் வைத்துத் தேய்த்த தமிழ்.

‘நிறைந்ததை முதலில் எழுதுங்கள். வெறுமையானதைப் பிறகு எழுதுங்கள். இரண்டாவதில் இருப்பது எல்லாம் போய்விடும், திரும்ப வராது. எது எது என்று சந்தேகமாக இருந்தால், முதலில் ‘பார்’ என்று சேர்த்து ஓட்டுங்கள். எதுவும் எழுதப்படாது. சத்தம் போடுகிற டிஸ்க்கும் பத்து நிமிடம் பொறுக்கும். அவசரப்படாதீர்கள்.’

கடைசி வரியை அவன் இரண்டு தரம் வாசித்தான். பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. திரும்பிப் பார்க்காமல் பெயர்களைத் தட்டினான். ‘பார்’ என்று சேர்த்து ஓட்டினான்.

திரை சொன்னது: ‘முதலாவது, வெறுமை. இதில் ஒன்றும் இல்லை. இரண்டாவது, 1,316 கோப்புகள்.’

அதே பிழை. வாசித்து, விளங்கி, வாயால் சொல்லிக்கொண்டும் கை மட்டும் வெறும் கேனை முதலில் வைத்துவிட்டது. ‘பார்’ என்ற அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் இந்நேரம் ஆதம்பாவாவின் குரலில் பூச்சியம் ஏறத் தொடங்கியிருக்கும். ஜவாத் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துச் சாரத்தில் துடைத்தான். டிஸ்க் மூன்று தரம் தட்டியது.

பெயர்களை மாற்றித் தட்டினான். மறுபடியும் ‘பார்’. இந்த முறை சரி. ‘பார்’ இல்லாமல் ஓட்டினான். கருவி நின்றது. அதுவும் றிபா பிறகு வாதாடிச் சேர்த்த நிறுத்தம்தான். ‘இரண்டாவதில் இருப்பது போய்விடும். சம்மதம் என்றால் அதன் பெயரைத் தட்டுங்கள்.’

அதன் பெயர் உம்மா.

அதில் ஒன்றுமில்லை என்று அவனுக்குத் தெரியும். ஒன்றுமில்லாமல் ஆக்கியவன் அவனே. ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் தங்கச்சி எதன் முன்னால் பதினொரு மூச்சு காத்திருக்கிறாளோ, அந்த ஒன்றுமில்லாமையும் இனி இருக்காது. நாச்சியா கதவடியிலிருந்து கேட்டார்.

“இது ஆர்ட மனே?”

“வெறும் டிஸ்க் சாச்சி.”

‘உம்மா’ என்று தட்டினான். மூன்று எழுத்துக்கு அவ்வளவு நேரம் எடுக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. திரையில் நூற்றுக்கு எத்தனை முடிந்தது என்ற இலக்கம் ஏறியது. வாசிக்க முடியாத இடங்களில் கருவி நின்று, திரும்பத் திரும்ப முயன்று, தாண்டிப் போனது. மதியத் தொழுகையான லுஹருக்குப் பாங்கு சொன்னபோது முப்பத்தெட்டு. ஜவாத் அந்த அறையிலேயே தொழுதான். நாச்சியா சோறு வேண்டாம் என்றார். நிலத்தில் சுவரோடு சாய்ந்து, தட்டுவது நிற்கும்போதெல்லாம் தலையை நிமிர்த்தினார். மூன்றே முக்காலுக்குத் தொண்ணூற்றேழு வந்தது. அப்போது தட்டு நின்றது. மெல்லிய ஒரு முனகல், பிறகு அதுவும் இல்லை. கடல் இரைவது மட்டும் கேட்டது.

நாலரைக்கு றிபா வந்தாள். செருப்பைக் கழற்றியபடியே பிரித்துக் கிடந்த வெள்ளைத் துணியைப் பார்த்தாள். பிறகு மேசையில் இருந்ததைப் பார்த்தாள். பிறகு காக்காவை.

“வேற ஒண்டும் இருக்கல்ல புள்ள” என்றான் ஜவாத்.

அவள் கொப்பியை எடுத்தாள். “எந்த வரியில நிண்டீங்க?”

“ஒரு வரியிலயும் நிக்கல்ல. கைதான் மாறிப் போன. ‘பார்’ போட்டதால தப்பின.”

அதை எழுதிக்கொண்டாள். எழுத்துச் சரிந்து போயிருந்தது. கதிரையில் இருந்து, இனி உம்மாவுடையதல்லாத அந்த டிஸ்க்குக்கு ஸலாம் சொன்னாள். காத்திருந்தாள். ஜவாத் தன்னையறியாமல் எண்ணினான். பதினொன்று வரை போனது. பிறகு திறந்தாள்.

ஊர் முழுவதும் திரையில் வந்தது. ஒவ்வொரு கோப்பும் ஓர் ஆள். பெயர், திகதி. தோணி கவிழ்ந்து போனவர்கள், பிரசவத்தில் போனவர்கள், படிப்பித்த ஆசிரியர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், ஆதம்பாவா வைத்த வரிசையிலேயே படுத்துக் கிடந்தார்கள். றிபா மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டு போனாள். இவர்களில் எவருடையதையும் போடலாம் என்று நாச்சியா சொல்லியிருந்தார். ஆனால் ஓரிடத்தில் அவள் விரல் தயங்கியது. பின்னால் நின்ற ஜவாத் அதைக் கண்டான். இந்த முறை பின்னால் நின்றவனிடம் கொப்பி இல்லை.

ஏழு வருடத்துக்கு முந்திய திகதி. ஆயிஷா உம்மா.

“அதப் போடு மகள்” என்றார் நாச்சியா. அவர் வாசிக்கத் தெரியாதவர். அந்த முதுகுகள் இரண்டையும் பார்த்தே சொன்னார்.

ஓர் இருமல் கேட்டது. தட்டிப் பார்க்கப்பட்ட ஒலிவாங்கி, மூன்று தரம். “அஸ்ஸலாமு அலைக்கும்” என்றது ஆதம்பாவாவின் குரல், அறைக்குள்ளேயே நிற்பவர் போல. நாச்சியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வெளியே போய் வந்த மனிதருக்குச் சொல்வது போல ஸலாத்துக்குப் பதில் சொன்னார். குரல் அவசரப்படாமல் வாசித்தது. ஜனாஸா அறிவித்தல். சாய்ந்தமருதைச் சேர்ந்த ஆயிஷா உம்மா அவர்கள் வபாத்தானார்கள். அன்னார், மர்ஹூம் சீனிமுகம்மதுவின் அன்பு மனைவியும், ஜவாத்,

இங்கே கொஞ்சம் இழுபட்டது, டிஸ்க் வாசிக்க முடியாமல் தாண்டிப் போன ஓர் இடம்,

“றிபா” என்றது குரல்.

றிபா கதிரையிலிருந்து எழும்பி நின்றாள்.